பத்தாவது குழி

தராசு முள் ஆட்டத்தை நிறுத்தும்வரை கதிர்காமநாதன் மூச்சு விடுவதில்லை. பனியில் நட்ட கம்பில் தராசு தொங்குகிறது. தராசில், பனி அடைத்த நீண்ட அலுமினியக் குழாய். காற்று ஒரு தட்டுத் தட்டினால் முள் பொய் சொல்லும், வேலை முதலிலிருந்து தொடங்கும். மூன்று தடவை எடை நிறுத்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் கையுறையைக் கழற்றி எண்ணை எழுதுவார்.

வயது ஐம்பத்திரண்டு. வீடு மெல்பேர்ணில், கிளேட்டனில். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை மலையேறிப் பத்து இடங்களில் குழாயை இறக்கி, இந்தப் பனி உருகினால் எவ்வளவு தண்ணீர் வரும் என்று நீர் நிறுவனத்துக்குச் சொல்வது அவர் உத்தியோகம். கூட வரும் ஆராய்ச்சியாளர் சடகோபன் சென்னைக்காரர். "எவ்ளோ ஸ்னோ பாருங்கண்ணே, இந்த வருஷம் செம!" என்று அவர் வாயைப் பிளந்தால் இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உயரத்தைப் பாத்து ஏமாறாதேங்கோ. நிறுத்துப்போட்டுக் கதையுங்கோ."

குழாய் அடித்தரையைத் தொட்டதற்குச் சாட்சி, அதன் நுனியில் ஒட்டிவரும் மண். மண் வராவிட்டால் அளவு செல்லாது. வந்த மண்ணைச் சுரண்டி எறியாமல் நிறுத்தாலும் செல்லாது. மண்ணின் பாரமும் தண்ணீர்க் கணக்கில் ஏறிவிடும். பதின்மூன்று வருடத்தில் மனிதர் ஒருநாள்கூட அதை மறந்ததில்லை. மற்றவர்கள் மறந்தால் அன்றைய சாப்பாடு முழுக்க அர்ச்சனைதான்.

2012 ஆகஸ்ட், அங்கே நடுக் குளிர்காலம், ஒரு வெள்ளிக்கிழமை. பத்தாவது இடம் ஒரு மேட்டு முதுகு. அங்கேதான் தொலைபேசி எடுக்கும். குழாய் பாதி இறங்கியிருந்தபோது அது அடித்தது. அவர் தம்பி தேவராஜா தஞ்சம் கேட்டுப் படகில் வந்தவன், மூன்று வருடமாகச் சிட்னியில், வில்லாவுட் தடுப்பு முகாமில் இருக்கிறான். அகதி என்று அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. பாதுகாப்புச் சோதனையின் முடிவுதான் பாக்கி. அது சாதகமாக வந்தால் விடுதலை. அழைத்தவர் வழக்கறிஞர் கமலினி.

"இல்லையெண்டிட்டினம் அங்கிள். காரணம் சொல்லேலாதாம். நான் அவருக்குச் சொல்லட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. நாளைக்கு நான் போறன்."

குழாயை மிச்சத்துக்கும் இறக்கி, உருவி எடுத்தார். மூன்று தடவை நிறுத்தார். மூன்றும் ஒத்துப்போயின. எழுதினார்.

"அண்ணே," என்றார் சடகோபன் மெல்ல, "மண்ணை எடுக்கலையே."

நுனியில் ஒரு விரற்கடை கறுத்த மண். குழாயைக் கவிழ்த்துப் பனியையும் மண்ணையும் கொட்டினார். எழுதிய எண்ணை வெட்டினார். இரண்டடி தள்ளி மறுபடி குழாயை இறக்கினார். அன்றைக்கு அவர் யாரையும் ஏசவில்லை. அதைத்தான் சடகோபனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் முகாமின் பார்வையாளர் அறை ஹீட்டர் சூட்டில் புழுங்கியது. தேவராஜா சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு வந்திருந்தான்.

"என்னவாம் அண்ணா?"

"இல்லையாம்."

"ஏனாம்?"

"சொல்ல மாட்டினமாம்."

"அப்ப இன்னும் எவ்வளவு காலம்?"

எதையும் அடிவரை குத்திப் பார்த்து எண்ணோடு பேசுகிற மனிதருக்கு அந்த ஒரு எண் கிடைக்கவில்லை. "அதுவும் சொல்லேல்லை," என்றார்.

நேரம் முடிந்தது என்று காவலர் குரல் கொடுத்தார். கதிர்காமநாதன் எழுந்து, திறந்து கிடந்த தம்பியின் ஜக்கெற்றைப் பிடித்து, வெளிக் குளிருக்குள் இறங்கப்போகிறவனுக்குச் செய்வதுபோலச் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினார். பிறகு தனியாக வெளியே நடந்தார்.