காபி ஆறும்வரை

இடது மெஷினில் மூன்று தடவை தோற்றதும் நெக்குலாய் வலது மெஷினுக்கு மாறுவார். அதுவும் கைவிரித்தால் மறுபடி இடது. பிரெய்லா நகரப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள அந்தச் சூதாட்டக் கூடத்தில் பட்டனைத் தட்டித் தட்டியே அவருடைய ஆள்காட்டி விரல் வளைந்துவிட்டது.

"இடதுகாரி தினமும் சோளக்களி போடுவா. வலதுகாரி வருஷக்கணக்கா பட்டினி போட்டுட்டு, ஒருநாள் கல்யாண விருந்து வைப்பா" என்பார். அந்த விருந்து ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை நடந்தது. வீட்டுக்குத் தகரக் கூரை வந்தது. அதற்கு முன்னும் பின்னும் தோற்ற பணத்தைப் பற்றி மூச்சுவிட மாட்டார்.

படகோட்டி பனாயித்தின் ஐந்து பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். மூத்தவரும் கடைக்குட்டியும் குடித்தே செத்தார்கள். "நான் ஒரு சொட்டு தொட்டதில்ல" என்று இவருக்குப் பெருமை.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுந்து போகிறவர் சூடான காபிக் கோப்பையை மெஷின் தலைமேல் வைத்துவிட்டுப் போகலாம். அது ஆறும்வரை வேறு யாரும் அங்கே உட்காரக் கூடாது. மனைவி சாஃப்தா செத்த நாற்பதாம் நாள் பூசைக்கு அப்படித்தான் போனார். பாதிரியார் பாட்டை நீட்டிவிட்டார். திரும்புவதற்குள் மீன்காரன் த்ரிஃபான் வலது மெஷினில் உட்கார்ந்து அள்ளிவிட்டான். "என் விருந்தை அவன் தின்னுட்டான்" என்பார். சாஃப்தாவின் பேச்சை எடுத்தாலும் இதில்தான் வந்து முடிப்பார்.

மகள் இலிங்கா இத்தாலியில் மூன்று வருஷமாக வயசானவர்களைக் குளிப்பாட்டிப் பிழைக்கிறவள். இன்று பகல் பஸ்ஸில் வருகிறாள். நேற்றே போனில் சொல்லிவிட்டாள்: "இறங்கும்போது நீ எதிர்ல நிக்கணும்பா. அங்க உக்காந்திருந்தா, அதே பஸ்ல அத்தை வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நான் உன் மக இல்ல."

காபி கொடுக்கும் சான்டா விரட்டினாள். "எந்திரிங்க மாமா, பஸ் வர்ற நேரம். உங்க வப்பாட்டிங்க ரெண்டு பேரையும் நான் பாத்துக்கறேன்."

"எந்திரிச்சாச்சு தாயி." தொப்பியை மாட்டினார். ஆவி பறக்கும் கோப்பையை வலது மெஷின் தலைமேல் வைத்தார். போகிற போக்கில் இடதில் ஒரு தட்டு. கிணுகிணுவென்று பாட்டு, ஏதோ கொஞ்சம் விழுந்தது. உட்கார்ந்தார். மறுபடி எழுந்தபோது வலதில் ஒரு தட்டு. திரையில் இரண்டு மணிப் படங்கள் சேர்ந்து நிற்க, மூன்றாவது மயிரிழையில் நழுவியது.

"பாத்தியா சான்டா, வாயைத் தொறக்கப் போறா!"

அவர் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருக்கையில் பஸ் வந்து நின்றது. கூடத்துச் சன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த படங்களின் இடுக்கில் இலிங்காவின் முகம் தெரிந்தது. "அப்பா!" என்று தட்டினாள். பின்னால் டிரைவர் ஹாரன் அடித்தான்.

நெக்குலாய் அவளைப் பார்த்தார். பிறகு, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல, புறங்கையால் கோப்பையைத் தொட்டார். ஆறியிருந்தது. வளைந்த விரலை உயர்த்தி சான்டாவுக்கு ஆட்டினார்: இன்னொரு காபி.