லினிமென்ட் பாட்டிலில் ஒட்டிய வெட்டுக் காகிதம்

நம் சபை வாலிபர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு, தேவனை மாதிரியாகக் கொண்டு நடப்பது பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்குப் பிரசங்கம் வராது. ஏழு வருஷமாகக் கம்பவுண்டர் வேலை பார்க்கிறேன். அந்த வேலையில் எனக்கு நேர்ந்த ஒன்றை எழுதுகிறேன். புதிதாக மருந்து அறைக்குள் நுழையப்போகும் தம்பிகளுக்கும் இது உபயோகப்படும்.

1. முதல் நாள்

பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டோரம் இருந்த மிஷன் டிஸ்பென்சரியில் நான் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. மருந்து கலக்கத்தான் முதலில் விடுவார்கள் என்று நினைத்துப் போனேன். டாக்டரம்மா என் கையில் ஒரு கத்தரிக்கோலையும் வெள்ளைக் காகிதத்தையும் கோந்துக் கிண்ணத்தையும் கொடுத்தார்கள்.

காகிதத்தை விரல் அகலத்துக்கு நீளமாக நறுக்கி, மடித்து, ஓரத்தில் கத்தரிக்கோலால் கிள்ளிவிட்டுப் பிரித்தால் வரிசையாகப் பல் பல்லாக வெட்டு விழும். அதை, குடிக்கிற மருந்தான மிக்ஸ்சர் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். ஒரு வெட்டு ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவர்களும் விரலால் தடவி, இந்த வேளைக்கு இந்த வெட்டு வரைக்கும் என்று குடிப்பார்கள். வெளியே தடவுகிற லினிமென்ட் பாட்டிலுக்கு இந்தக் காகிதம் கிடையாது. வெட்டு இருந்தால் குடிக்கிறது, இல்லாவிட்டால் தடவுகிறது. சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் இந்த ஒரு பாடத்தை நன்றாகப் படித்து வைத்திருந்தது.

டாக்டரம்மா அன்று இரண்டு விஷயம் சொன்னார்கள். "மருந்தை ஊத்தின அப்புறம்தான் வெட்டு ஒட்டணும். முன்னாடியே ஒட்டி வைக்கக்கூடாது. பாட்டிலைக் குடுக்கும்போது குடிக்கிறதா தடவுறதான்னு மூணு தரம் சொல்லணும். அவங்க வாயாலயும் ஒரு தரம் சொல்ல வைக்கணும்."

நான் எட்டாவது பாஸ் செய்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள். லேபிளில் அழகாக எழுதத் தெரிந்த எனக்குக் காகிதம் கிள்ளுவது கேவலமாகப்பட்டது. என் அம்மாவும் அந்த வெட்டைத் தடவித்தான் மருந்து குடிக்கிறாள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

2. கையைக் கழுவினாயா?

யுத்த காலம். ஆவடி பக்கம் போகும் பட்டாள லாரிகள் ரோட்டில் ஓயாமல் ஓடும். புதுப் பாட்டில் வருவது நின்றுபோய்விட்டது. ஜனங்கள் காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால், நாங்கள் கழுவி வைத்த பாட்டிலில் மருந்து ஊற்றிக் கொடுப்போம்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பேதி பரவியது. நாள் தவறாமல் கூட்டம். எல்லாருக்கும் பேதியை நிறுத்தும் சாக் மிக்ஸ்சர்தான்; அது வெள்ளையாக இருக்கும். மருந்து ஊற்றி, பாட்டிலைத் துடைத்து, வெட்டு ஒட்டி, கோந்து காய்வதற்குள் ஜன்னலில் பத்துப் பேர் கத்துவார்கள். நான் ஒரு யுக்தி செய்தேன். காலையிலேயே இருபத்துநாலு பாட்டிலுக்கு வெட்டு ஒட்டிக் காயவைத்துவிட்டேன். லினிமென்ட்டுக்கென்று ஒரே ஒரு பாட்டிலை ஒட்டாமல் மேல் தட்டில் தனியே வைத்தேன். வேலை சரசரவென்று ஓடியது. கட்டுப் போடும் டிரெஸ்ஸர் தாவீது அண்ணன்கூட, "இன்னா நைனா, மிஷின் கணக்கா ஊத்துறே!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பதினோரு மணிக்கு ஜன்னலில் பாரிவாக்கம் கன்னியப்பன் வந்து நின்றார். பெரிய விவசாயி. என் அப்பா இருபது வருஷம் அவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். ஞானஸ்நானம் எடுத்து அப்பா ஆபிரகாம் ஆன பிறகும் அந்த ஊருக்கு அவர் ஏகாம்பரம்தான். கன்னியப்பன் குடியிருந்த தெருவில் எங்கள் ஜனங்கள் செருப்புப் போட்டு நடந்ததில்லை. சைக்கிளில் போனால் தெருமுனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

அவர் மனைவி தனகோட்டியம்மாளுக்குத் தோள்பட்டை வலி. முந்தின நாள் டாக்டரம்மா பார்த்து லினிமென்ட் சீட்டு எழுதியிருந்தார்கள். அதை நீட்டியவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"யாரு, ஏகாம்பரம் மவனாடா நீ? சட்டையெல்லாம் போட்டுகினு மருந்து கலக்குறே?"

"ஆமாங்க."

"உங்கப்பன் எங்க கொல்லையில சாணி வாரினவன். நீ கையைக் கழுவினியா இல்லியாடா? மருந்துல கை வெக்கிறே!"

ஜன்னலில் நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். நான் பதில் பேசவில்லை. ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டுகிறவன் இப்படித்தான் இருப்பான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்து, லினிமென்ட்டை ஊற்றி, லேபிளை ஒட்டி, அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் வழியே தள்ளிவிட்டு அடுத்த சீட்டை வாங்கினேன்.

3. மேல் தட்டில் நின்ற பாட்டில்

பன்னிரண்டரைக்குக் கூட்டம் ஓய்ந்தது. தட்டைத் துடைக்க நிமிர்ந்தேன். லினிமென்ட்டுக்கென்று தனியே வைத்திருந்த பாட்டில் காலியாக அங்கேயே நின்றது.

வெட்டு ஒட்டிய பாட்டிலில் அல்லவா லினிமென்ட்டை ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்! டர்பன்டைன் எண்ணெயும் கற்பூரமும் சோப்பும் சேர்த்துக் கடைந்த மருந்து. அதுவும் வெள்ளைதான். குடித்தால் வயிறு வெந்துபோகும். வாடை காட்டிக்கொடுக்குமே என்றால், நாற்றம் அடிக்கிற மருந்துதான் வேலை செய்யும் என்று நம்புகிற ஜனம். 'மேலுக்கு மட்டும்' என்று லேபிளில் முத்து முத்தாக எழுதியிருந்தேன். அதைப் படிக்க அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? வாயால் சொல்ல வேண்டியதை நான் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

தாவீது அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பிறகு சொன்னார்: "நீ போவாதே. அந்தத் தெருவுல உன்னைக் கண்டா காலை ஒடிச்சிடுவானுங்க. நான் வண்டி புடிச்சிப் போய்ச் சொல்லிட்டு வரேன். பாட்டில் மாறிப் போச்சுன்னு மட்டும் சொல்றேன். யார் மாத்தினதுன்னு எவனுக்குத் தெரியும்?"

மாட்டு வண்டி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். டிஸ்பென்சரி சைக்கிளில் போனால் கால் மணி. தாவீது அண்ணனுக்குச் சைக்கிள் விடத் தெரியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், "சரி அண்ணே, நீங்களே போங்க" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

என்னைத் தடுத்தது பெரிய தைரியம் ஒன்றும் இல்லை. ஞாயிறுதோறும் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிப்போன ஒரு சங்கதிதான். கர்த்தர் எத்தனையோ தரம் தீர்க்கதரிசிகள் என்று ஆள் அனுப்பினார். கடைசியில் தாமே வந்தார். அடிப்பார்கள் என்று தெரிந்த தெருவுக்குத்தான் வந்தார். அதுவும் அவர்மேல் ஒரு தப்பும் இல்லாமலே வந்தார். இங்கே தப்பு முழுக்க என்னுடையது.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். முன்னாடியே வெட்டு ஒட்டி வைத்ததையும், கோபத்தில் பேசாமல் கொடுத்ததையும் சேர்த்துத்தான். வேலை போய்விடும் என்று தெரிந்தே சொன்னேன். அவர்கள் ஈரக் கையோடு திரும்பினார்கள்.

"சைக்கிளை எடு. குடிச்சிருந்தா அசையாம படுக்க வை. நீயா எந்த வைத்தியமும் பண்ணாதே. நான் தாவீதோட வண்டியில பின்னாடியே வரேன். பேசுறதெல்லாம் அப்புறம். போ, ஞானம்."

4. இறங்காமல் போன தெரு

மழை விட்டிருந்தது. ஏரிக்கரை மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டது. பாரிவாக்கம் தெருமுனை வந்ததும் என் கால் தானாகத் தரையைத் தேடியது. பழக்கம். ஒரு கணம் பிரேக்கைப் பிடித்தேன். பிறகு விட்டுவிட்டு மிதித்தேன்.

"யார்ரா அவன், தெருவுக்குள்ள சைக்கிள் ஓட்டிகினு வர்றது!" என்று ஒரு குரல். "டேய், எறங்குடா!" என்று இன்னொன்று. இரண்டு பேர் பின்னால் ஓடிவருவது கேட்டது. நான் மணியை அடித்துக்கொண்டே போனேன்.

கன்னியப்பன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. முற்றத்தில் தனகோட்டியம்மாள் கூழ் குடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாட்டில். முதல் வெட்டு வரைக்கும் ஊற்றிய மருந்து பித்தளை டம்ளரில் வெள்ளையாக இருந்தது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளரை எடுத்தார்.

"அம்மா, குடிக்காதீங்க!"

கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டேன். அது உருண்டு போய், தரையெல்லாம் கற்பூர வாடை அடித்தது. உள்ளேயிருந்து கன்னியப்பன் மாட்டுக்கோலோடு வந்தார். துரத்தி வந்தவர்களும் வாசலில் நின்றார்கள்.

"குடிச்சீங்களாம்மா?"

"இல்லப்பா. வெறும் வயித்துல வேணாமேன்னு கூழ் குடிச்சிகினு இருந்தேன். ஏன், இன்னாச்சு?"

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். "தடவுற மருந்துங்க. குடிக்கக்கூடாது. வெட்டு ஒட்டின பாட்டில்ல தப்பா ஊத்திட்டேன். வாயாலயும் சொல்லல. தப்பு என்னுது."

கன்னியப்பன் கோலைத் தரையில் ஊன்றினார். "காலையில நான் நாலு வார்த்தை கேட்டேன்னு வெஷம் வெச்சி அனுப்பினியாடா?"

இந்தக் கேள்வி வரும் என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். இல்லை, கோபமே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை.

"கோவம் இருந்தது நெசங்க. அதனாலதான் உங்க மூஞ்சியப் பார்த்துப் பேசாம குடுத்தேன். கெடுக்கணும்னு குடுக்கல. அடிக்கிறதுன்னா அடிங்க. அந்த மருந்தை மட்டும் குடிக்காதீங்க."

தனகோட்டியம்மாள் புருஷன் பக்கம் திரும்பினார். "இன்னாய்யா நீ, வெஷம் வெச்சவன் இப்டி மூச்சு எரைக்க ஓடியாருவானா? வெச்சிட்டு வேற பக்கமா இல்ல ஓடுவான்! கோலைக் கீழ போடு." வாசலில் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

நான் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, அந்த வெட்டுக் காகிதத்தை நனைத்து, நகத்தால் சுரண்டி எடுத்தேன். அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கழன்று வர வெகு நேரம் ஆனது. நல்ல கோந்து.

டாக்டரம்மா வந்து சேர்ந்து தனகோட்டியம்மாளைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் கன்னியப்பன் விடவில்லை. "இந்தப் பையனையெல்லாம் வேலைக்கு வெச்சா இப்டித்தாம்மா ஆவும்" என்றார்.

"எங்க டிஸ்பென்சரியில நடந்த தப்புங்க. திட்டுறதுன்னா என்னையும் சேர்த்துத் திட்டுங்க" என்றார்கள் டாக்டரம்மா. அவர்கள் ஒட்டாத வெட்டு அது. ஒட்டாதே என்று முதல் நாளே சொன்னவர்களும் அவர்கள்தான். திரும்பும்போது வண்டிக்குப் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். என்னை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். பூந்தமல்லி வந்ததும், "நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடு. கூட்டம் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்கள்.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும், வராந்தாவில் இருந்த ஜனங்களுக்கு முன்னால் எழுந்து நின்று நடந்ததை நானே சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

5. கட்டைவிரல்

பத்து நாள் கழித்து ஜன்னலில் ஒரு காலிப் பாட்டில் நீண்டது. கன்னியப்பன். அன்று தாவீது அண்ணன் எனக்கு உதவியாக நின்றிருந்தார். அவர் கையை நீட்டினார்.

"நீ வாணாம்பா. ஏகாம்பரம் மவன் குடுக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒட்டாத பாட்டிலை எடுத்து ஊற்றி, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "இது தடவுற மருந்துங்க. குடிக்கக்கூடாது."

"சரி."

"தடவுற மருந்து. குடிக்கக்கூடாது."

"அதான் சொல்லிட்டியே."

"தடவுற மருந்து. குடிக்கக்கூடாது. இப்ப நீங்க சொல்லுங்க."

"தடவுறதுடா நைனா, தடவுறது! குடிக்க மாட்டோம். போதுமா?" ஜன்னலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று நானும் சிரித்தேன். அவர் பாட்டிலை வாங்கி, பக்கவாட்டில் கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு தரம் தடவிப் பார்த்தார். வெட்டு இல்லை. மடியில் செருகிக்கொண்டு திரும்பியவர், நின்று கேட்டார்.

"உங்கப்பன் எப்டிகீறான்?"

"நல்லா இருக்காருங்க."

"கேட்டேன்னு சொல்லு."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் போகலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னபோது, அவர் இரண்டு தரம் கேட்டார், "நெசமாவா கேட்டாரு?" என்று.

தம்பிமார்களே, தேவனை மாதிரியாகக் கொள்வது என்றால் சுருட்டு குடிக்காமல், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு, ஏசுகிறவனுக்குப் பதில் பேசாமல் இருப்பது என்று நினைத்திருந்தேன். பேசாமல் இருந்ததைப் பொறுமை என்றும் நினைத்தேன். அது கோபம்தான். ஏசுகிறவனுக்கும் முகம் பார்த்து, அவன் பிழைக்க வேண்டிய வார்த்தையை மூன்று தரம் சொல்வதுதான் பொறுமை. நம் தப்பு ஒருவன் வீடு வரைக்கும் போய்விட்டால், அதன் பின்னாலேயே நாமும் போக வேண்டும். ஆள் அனுப்பக்கூடாது.

இப்போதும் மருந்து ஊற்றிய பிறகுதான் வெட்டு ஒட்டுகிறேன். பாட்டிலை நீட்டும்போது பக்கவாட்டை அவர்கள் பக்கம் திருப்பி நீட்டுகிறேன். தடவிப் பார்த்து, வாயால் சொன்ன பிறகுதான் கையை எடுக்கிறேன். கூட்டம் கத்தும். கத்தட்டும்.