மூன்றாவது சுற்றில் மழை

விளையாட உட்காரும் முன் அவர் ஒவ்வொரு பட்டனையும் சட்டை நுனியில் துடைப்பார். ஒரு பட்டன் என்றால் ஐந்து ஆடு. எட்டுப் பட்டன், நாற்பது ஆடு. அவரிடம் நிஜமாகவே இருந்ததும் நாற்பதுதான். துடைத்துவிட்டு, துளைகள் மேலே தெரியும்படி வைப்பார். "கண்ணு தெரியணும்ல" என்பார்.

ஆடு மேய்ப்பவர்களுக்காகச் செவ்வாய்தோறும் கால்நடை மருத்துவமனையின் பின்னறையில் டாக்டர் நடத்திய விளையாட்டு அது. பலகையை விரித்து வைப்பது என் வேலை. கட்டத்தில் பச்சைச் சில்லு இருந்தால் புல். அடிவரை மேய்த்தால் கட்டம் செத்தது. மேய்க்காமல் காத்திருந்தால், மூன்றாவது சுற்றுக்குள் எப்படியும் மழைச் சீட்டு வரும், புல் இரண்டு மடங்காகும். அவர் காத்திருந்து ஜெயிப்பார். அவருடைய மச்சான் அவசரப்பட்டுத் தோற்பார்.

அந்தக் கோடையில், ஓடைச் சரிவில் இரண்டு மாதம் யாரும் ஆடு விடுவதில்லை என்று எல்லோரும் பேசிவைத்தார்கள். இரண்டு மாதம் போனது. மழை இல்லை. ஒவ்வொருவராகச் சரிவில் இறங்கினார்கள், மச்சானும்தான்.

"வா மச்சான், இருக்கிறதையும் அடுத்தவன் ஆடு தின்னுட்டுப் போகுது."

"பொறுடா. மூணாவது மாசம் வந்துரும்."

"மேகம் உனக்கு லெட்டர் போட்டுச்சா?"

அதற்கு அவரே சிரித்துவிட்டார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "அங்க தோத்தா பட்டனை மறுபடி குடுப்பாங்க. இங்க யாரு குடுப்பா?"

மூன்றாவது மாதமும் காய்ந்தது. கடைசியில் அவர் சரிவுக்குப் போனபோது வேர்கூட இல்லை. ஆடுகள் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துத் தின்றன. பிறகு ஒவ்வொன்றாக எழுந்திருக்காமல் போயின. பதினொன்று மிஞ்சியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். வழக்கம்போல எட்டையும் துடைத்தார். இரண்டைப் பலகையில் வைத்தார், ஆறை டப்பாவில் போட்டார்.

"ஒண்ணு மிச்சம் இருக்கு, டாக்டர். அதுக்குப் பட்டன் இல்ல."

டாக்டர் மேசை டிராயரில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பட்டன் துடைப்பவர் விளையாட வரவேயில்லை.

டாக்டர் மாற்றலாகிப் போன பின் அலமாரியை ஒழித்தேன். விளையாட்டுப் பெட்டியின் அடியில், உறை பிரிக்காத ஒரு சீட்டுக் கட்டு கிடந்தது. பிளாஸ்டிக்குக்குள் மேல் சீட்டில் 'மழை இல்லை' என்று அச்சடித்திருந்தது. உறையின் மேல் ஒட்டிய துண்டுத்தாளில் டாக்டரின் கையெழுத்து: 'இவை வேண்டாம். ஆட்டம் ரொம்ப இழுக்கிறது.'