பற்றறிக்குத் தூர ஓட்டம் கேட்ட பிலோமினா அக்கா

செய்தி வந்தபோது நான் வேலை செய்யும் இத்தாலிய எசமானி, சிஞ்ஞோராவின் வீட்டில் சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பிலோமினா அக்காவின் தங்கை. "அக்கா செத்துப்போனா. வேலை வீட்டிலை, கதிரையிலை இருந்தபடியே" என்றார். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மிச்சம் இருந்த நான்கு சட்டைகளையும் அயன் பண்ணி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பலெர்மோ நகரத்தில், நாங்கள் இருக்கும் போர்கோ வெக்கியோப் பகுதியில் அவரை அறியாத தமிழர் இல்லை. மன்னார்க்காரி. கல்யாணம் கட்டாதவர். எங்கள் வீட்டுக்குக் கீழ்த் தட்டில் எட்டு வருடம் இருந்தார். அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். நான் வெள்ளிக்கு வெள்ளி வீட்டில் விளக்கு வைப்பேன். ஒருவரையொருவர் கிண்டல் பண்ணாத நாள் இல்லை. நான் வாய்க்காரி, அது உங்களுக்குத் தெரியும். அவர் என் வாயைத் தாங்கிக்கொண்டவர்.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகு, திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியற்காலை இரண்டு பேருந்து மாறிப் போய், மத்தியானம் வரும்போது தரிப்பிடத்தில் குமட்டிச் சத்தி எடுப்பார். காரில் கூட்டிப்போக எத்தனையோ பேர் கேட்டார்கள். ஊரில் லொறி ஓடிய மனிதர். ஆருக்கும் கடமைப்பட மாட்டேன் என்று பிடிவாதம். ஒரு புதன்கிழமை போகவேயில்லை. இப்படி விட்டால் ஆள் தப்பாது என்று வைத்தியர் என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னார்.

அன்று பின்னேரம் பிலோமினா அக்கா மேலே ஏறி வந்தார். "அண்ணை, எனக்கொரு உதவி வேணும். நான் காரைக் கோயிலுக்கும் கடைக்கும்தான் ஓடுறன். கிட்டத்து ஓட்டத்திலை பற்றறி ஏறுதில்லை. குளிருக்கை ஒரு நாளைக்குப் பேசாமல் நிண்டிடும். தூர ஓட்டம் வேணும். தனிய ஓட அலுப்பு, பஞ்சியாக் கிடக்கு. கிழமையிலை மூண்டு நாள் ஆஸ்பத்திரி மட்டும் என்னோடை வருவீங்களே?"

இவர், என் கணவர், நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது உண்மைதான், தங்கச்சி. குளிருக்குப் பற்றறியின்ரை பலம் பாதியாக் குறையும்" என்றார். வெள்ளிக்கிழமை காலை காரில் ஏறிவிட்டார். எனக்கு அவரைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது. அக்காவைத்தான் சொல்கிறேன்.

பலெர்மோவில் என்ன குளிர் என்று வடக்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். தை மாதத்தில் வடகாற்று வீசும்போது, துறைமுகப் பக்கத் தெருவில் இரவு முழுக்க நின்ற பழைய காரைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பற்றறிக்கு இவரே பொறுப்பாளராகிவிட்டார். முனைகளில் பூக்கும் வெள்ளைத் தூளை அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவித் துடைத்து, வசலின் பூசுவார். காரை நிறுத்துமுன் சூடுகாற்றையும் விளக்கையும் நிற்பாட்டச் சொல்வார். "கிளச்சை மிதிச்சுக்கொண்டு ஸ்டார்ட் பண்ணும். பிடிக்கேல்லையெண்டா கொஞ்சம் பொறும், சும்மா முறுக்கிக்கொண்டு நிக்காதையும்" என்பார். அக்கா "சரி, முதலாளி" என்பார். கட்டிலில் வருத்தக்காரனாகவே கிடந்த மனிதர் அந்தக் காருக்குள் பழைய லொறிக்காரனாக இருந்தார்.

அவர் பேச்சை அக்கா கேட்காதது ஒரே விஷயத்தில்தான். காரின் முன் பலகையில் ஒரு மடு மாதா சொரூபம், அவர் ஊர்ப்பக்கத்துத் திருத்தல மாதா. அதன் காலடியில் சின்ன நீல விளக்கு. மாதா இருட்டில் நிற்கக்கூடாது என்று, சாவியை எடுத்தாலும் எரிகிறமாதிரி நேரே பற்றறியிலிருந்து வயர் இழுத்து வைத்திருந்தார். "இது பற்றறியைக் குடிக்கும்" என்று இவர் எத்தனையோ தரம் சொன்னார். "அவ என்ன பெரிசாக் குடிக்கப்போறா" என்று அக்கா சிரிப்பார்.

ஒரு தை மாதத் திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கார் அசையவில்லை; வடகாற்று ஊதிக்கொண்டிருந்தது. திங்கள் என்றால் இவருக்கு மோசமான நாள். இரண்டு நாள் தண்ணீர் உடம்பில் தேங்கிக் கால் வீங்கி மூச்சு வாங்கும். அக்கா சாவியைத் திருப்பினார். டிக், டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "விடுங்கோ, நான் மேலை போய்ப் படுக்கிறன்" என்றார் இவர். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "மாதாவுக்கு வெளிச்சம் காட்டி என்ரை மனிசனைக் கொல்லப் பாக்கிறியளோ?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அக்கா காரை விட்டு இறங்கினார். சந்தைப்பக்கம் ஓடினார். பழம் விற்கிறவனை அவனுடைய மூன்று சில்லு மோட்டார் வண்டியோடு கூட்டிவந்தார். இரண்டு பற்றறிக்கும் கேபிள் பூட்டினார்கள். எதை எங்கே பூட்டுவது என்று இவர் மூச்சிரைக்க இரைக்கச் சொன்னார். கார் பிடித்தது. மூவரும் ஏறிப் போனோம். அடுத்த முறை பார்த்தபோது வயர் அறுக்கப்பட்டிருந்தது. "மாதா இருட்டிலை நிண்டு பழகினவதான். அண்ணைக்குத்தான் ஏலாது" என்றார் அக்கா. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைசிவரைக்கும் கேட்கவில்லை. இதை வாசிக்கிற எல்லோருக்கும் முன்னால் இப்போது கேட்கிறேன்.

அடக்கத்துக்கு அவருடைய சிஞ்ஞோராவும் வந்திருந்தார். எண்பது வயதிருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை, சொன்னபடியே எழுதுகிறேன். கிழமையில் அந்த மூன்று காலையும் பிலோமினா வேலைக்குப் பிந்தித்தான் வருவாராம். அதற்கு ஈடாக, இவரைக் கூட்டிப்போன ஆறு வருடமும் வியாழன் பின்னேரம் வீட்டுக்குப் போகாமல் வேலை செய்தாராம். இங்கே வீட்டுவேலை செய்கிறவளுக்கு வியாழன் பின்னேர லீவு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு அரைநாளில்தான் நாங்கள் மனிதராக இருக்கிறோம். வியாழனில் வெளிக்கிடப் பிடிக்காது என்று எங்களிடம் சொல்லி வைத்திருந்தார், கள்ளி.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லி அழுதேன். இவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு முதல் மாசமே தெரியும்" என்றார். "அந்தப் பற்றறிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரை மட்டும் போய்வந்தாலே காணும். அவ எனக்காகப் பொய் சொன்னா. நான் அவவுக்காக நம்பினன்."

அடுத்த திங்கள் காலை இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "இண்டைக்கு நான் போகேல்லை" என்றார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. என் வாயில் வசவு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஒன்றையும் சொல்லவில்லை.

பிலோமினா அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது உதவி செய்யும் குணமல்ல; அது அவரோடு போய்விட்டது. உதவுகிறவரே கேட்கிறவராக நிற்கும் அந்தப் பேச்சு மட்டும் என்னிடம் இருக்கிறது. கட்டிலடியில் குந்தினேன்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு எனக்கு வீட்டிலை தனிய இருக்கப் பயமாக் கிடக்கு. ஆஸ்பத்திரி மட்டும் என்னோடை வருவீங்களே?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொன்னது பொய்யல்ல என்று அவருக்குத் தெரிந்தது.

"சப்பாத்தை எடும், வாறன்" என்றார்.