மேலே இடம் விட்ட கடல்

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். விழிதியூரில் எங்கள் தெருவுக்கே நான்தான் முதல். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. கூடத்தில் மாட்டுவதற்குப் பட்டமளிப்புப் படம் ஒன்று பெரிதாக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டதால் காரைக்காலுக்குப் போனேன். பாரதியார் சாலையில் இஃபாத் பாயின் பிளெக்ஸ் கடை. அதன் பின்னறைதான் ஸ்டுடியோ. அங்கே கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், கவுன் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பரவாயில்லை, கழுத்துக்குக் கீழே வேறொரு பையனின் கவுனை ஒட்டிவிடலாம், போன மாதம் நர்சிங் முடித்த ஒரு பெண்ணுக்குக்கூட அந்த உடம்பைத்தான் வைத்தோம் என்றார்.

"அதெல்லாம் வேணாங்க. படிச்சது நானு. உடம்பும் என்னுதாவே இருந்துட்டுப் போவட்டும்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர்தான் அன்பழகன்.

மறுநாள் கவுனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் கணினித் திரையில் ஒரு கடல் இருந்தது. காரைக்கால் கடற்கரைக்கு நான் போகாத ஞாயிற்றுக்கிழமை குறைவு. பஜ்ஜிக் கடை, ராட்டினம், ஈர மணலில் ஓடும் பிள்ளைகள் என்றுதான் எனக்குக் கடல் தெரியும். திரையில் இருந்தது வேறு. சாம்பல் நிறத்தில் அலை புகை மாதிரி கரையில் படுத்திருந்தது. மேலே மழை இறங்கப்போகும் மேகம். கல் குவியலைத் தவிர எதுவும் இல்லை. எந்த ஊர் என்று கேட்டேன். அரசலாற்று முகத்துவாரம்தான் தம்பி, நீங்க பஜ்ஜி தின்ன எடத்துலேருந்து கூப்புடு தூரம் என்றார்.

இப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. கீழவாஞ்சூரில் ஒரு லாரி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்த பிறகு, வீடு திரும்பும் வழியில் அவர் கடையில் இறங்கிவிட்டுத்தான் போவேன்.

அன்பழகன் கிளிஞ்சல்மேட்டுக்காரர். அப்பா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். இவருக்குப் படகு ஏறினால் குடல் வெளியே வந்துவிடும். கடலில் வாந்தி எடுக்கும் மீனவப் பிள்ளை என்று ஊரே கேலி செய்து, கல்யாண வீடியோ எடுப்பவரிடம் விளக்குப் பிடிக்கப் போனார். பிறகு யாரோ விற்ற பழைய கேமரா ஒன்றை வாங்கினார். விடியலில் கரைக்குப் போய்விட்டுத்தான் கடைக்கு வருவார். அலை புகை மாதிரி விழ வேண்டுமானால் லென்ஸை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டும், அதற்கு வெளிச்சத்தை மறைக்க முன்னால் கறுப்புக் கண்ணாடி வேண்டும். அதன் விலைக்கு இன்னொரு கேமராவே வாங்கலாம் என்பார். படகுக்கு வெல்டிங் வைக்கும் பட்டறையில் கண்ணுக்குப் பிடிக்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார். அதில் எடுத்தால் உலகமே பாசி பிடித்த மாதிரி பச்சையாக வரும். அந்தப் பச்சையை எடுக்க எடுக்க மற்ற நிறங்களும் கூடவே போய்விடும். மிச்சம் நிற்பதுதான் அந்தச் சாம்பல். அதற்கப்புறம் மேகத்தின் அடிவயிற்றைக் கொஞ்சம் இருட்டாக்குவார், நுரையின் ஓரத்தை மட்டும் வெளுப்பார், அவ்வளவுதான். ஒரு படத்துக்கு வாரக்கணக்கில் உட்காருவார்.

அவருடைய ஆசை பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கண்காட்சி, பரிசு எதையும் அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆள் புழங்குகிற ஒரு வீட்டில், சாப்பிடுகிற இடத்தில், தன் கடல் மாட்டியிருக்க வேண்டும். அதைத் தான் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அதற்கு வந்த வினை அவர் கையாலேயே வந்தது. ஓர் ஐப்பசி மழையில் ஊரில் பெரிய மனிதர் ஒருவர் இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி பேனர் உடனே வேண்டும். மழையில் இணையம் போய்விட்டது. வழக்கமாக எடுத்து ஒட்டும் மெழுகுவர்த்தியும் புறாவும் கிடைக்கவில்லை. அன்பழகன் தன் கடலை எடுத்துப் பின்னால் போட்டு, மேகத்தில் இறந்தவர் முகத்தை வைத்து அனுப்பிவிட்டார். மறுநாள் பேருந்து நிலையம் எதிரே அது நின்றது. அவர் படம் அவ்வளவு பெரிதாக அதற்குமுன் அச்சானதே இல்லை. டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறும்வரை பார்த்துக்கொண்டே நின்றாராம்.

அடுத்த சாவுக்கு வந்தவர்கள் அதே கடலைக் கேட்டார்கள். அதற்கடுத்தவர்களும். வரிச்சிக்குடி, திருநள்ளாறு, கீழவாஞ்சூர் லாரி நிறுத்தம் என்று எங்கே இறங்கினாலும் அந்தச் சாம்பல் கடலில் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரே படம் அலுத்துவிடும் என்று இஃபாத் பாய் வேறு வேறு கேட்டார். அன்பழகன் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். வாங்குகிற சம்பளம் அதற்குத்தானே என்றார் என்னிடம்.

கிளிஞ்சல்மேட்டில் முதலில் கேலிதான் செய்தார்கள். விடியலில் படகு தள்ளுகிறவர்கள் அவர் மூன்றுகால் ஸ்டாண்டைப் பார்த்ததும், "எங்க மூஞ்சிய எப்ப அன்பு ஒட்டப் போற?" என்பார்கள். பிறகு படகுக்காரர் ஒருவர் மாரடைப்பில் போனார். அவருடைய பேனரில் இருந்த கடல், அவர் படகு இறங்கிய ஒரு காலையில் எடுத்தது என்று யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதோடு கேலி நின்று பயம் வந்துவிட்டது. பஞ்சாயத்தார் அவரைத் திட்டவில்லை. படகு இறங்குகிற நாட்களில் கேமராவோடு கரைக்கு வர வேண்டாம், மீன்பிடித் தடைக்காலத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று மரியாதையாகவே சொன்னார்கள். மீன் விற்கப் போகிற அவருடைய அம்மா மாரிக்கண்ணு மட்டும் வீட்டில் வந்து அழுதாள். கூடை இறக்கும் இடத்தில் பெண்கள் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாள்.

தடைக்காலம் சித்திரை வைகாசியில் வரும். அப்போது வானம் சலவை வேட்டி மாதிரி கிடக்கும். கடல் தட்டு மாதிரி இருக்கும். அன்பழகனுக்கு வேண்டிய மேகம் ஐப்பசி கார்த்திகையில்தான் வரும்.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் புது வீடு கட்டி முடித்தோம். ஓட்டு வீட்டில் பிறந்து, சொந்தச் சம்பளத்தில் மாடி எழுப்பியவன் நான். கூடத்தில் என் பட்டப் படத்துக்கு எதிர்ச்சுவரில் அன்பழகனின் கடலைத்தான் மாட்டுவது என்று தீர்மானித்து, அவரிடம் கேட்டேன். ஒரு வாரம் கழித்து, எந்தப் பேனருக்கும் போகாத படம் ஒன்று இருக்கிறது என்றார். கார்த்திகை மழைக்கு முந்தைய முகத்துவாரம். பஞ்சாயத்தார் சொல்வதற்கு முன்னால் எடுத்தது. அவரே சட்டம் போட்டு, போர்வையில் சுற்றி, வண்டியில் வைத்துக் கொண்டுவந்து, விசேஷத்துக்கு முதல் நாள் மாட்டிவிட்டுப் போனார். அப்பா சுப்பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மழை வரப்போவுது என்றார். அவருக்குப் பிடித்திருந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அன்பழகன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர் தூண் ஓரமாக நின்று சாப்பிடுகிறவர்களைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தார். இலையிலிருந்து நிமிர்கிறவர்கள் கண் அந்தப் படத்தில் படும். பட்டதும் குனிந்துகொள்வார்கள். அப்போது திருநள்ளாற்றிலிருந்து அத்தை லோகாம்பாள் வந்தது. வாசலைத் தாண்டியதும் படத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக்கொண்டு அம்மாவிடம் கேட்டது.

"ஏன் நீலா, ஆளு படத்தக் காணுமே? பேரு இன்னும் போடலையா?"

யாரோ சிரித்தார்கள், பிறகு பந்தியே சிரித்தது. அத்தை கிண்டல் செய்யவில்லை. மாமாவின் பதினாறாம் நாளுக்குத் தன் வீட்டு வாசலில் பேனராக நின்ற கடலைத்தான் அது பார்த்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் அன்பழகனிடம் போய், "ஒண்ணும் நெனச்சுக்காதீங்க தம்பி. இன்னிக்கு ஒரு நாளு மட்டும் உள்ள வச்சிருவோம்" என்றாள்.

அவரே நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினார். கழற்றிவிட்டு அடுத்த பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கொல்லைக்குக் கைகழுவ வந்தவரிடம் நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். படிக்காத ஜனங்கள், அவர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்றேன்.

"அவங்க சரியாத்தான் பாத்தாங்க தம்பி. நீங்கதான் பாக்கல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் படத்துல பாதிக்கு மேல வானந்தான். முன்னெல்லாம் நான் அப்படி எடுக்க மாட்டேன். மூஞ்சிக்கும் பேருக்கும் எடம் விட்டு எடுத்திருக்கேன். எடுக்கறப்ப தெரியல. அவங்க கேட்டப்பறந்தான் தெரியுது."

அந்த வருட ஐப்பசியில் நல்ல மேகம் இறங்கியது. அவர் போகவில்லை. பக்கத்து ஊர்க் கரைக்காவது போகலாம், நான் வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றேன். கருக்களாச்சேரிக்கு ஒரு நாள் போனோம். ஸ்டாண்டை நட்டார், கண்ணாடியைக் கட்டினார், உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு எடுக்காமலே கட்டை அவிழ்த்தார். எங்க வச்சுப் பாத்தாலும் நடுவுல ஒரு மூஞ்சி வந்து உக்காந்துக்குது என்றார். சிரிக்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் எதிர்ச்சுவர் காலியாக இருப்பது நல்லதில்லை என்று அம்மா ஆரம்பித்தாள். ஏழு குதிரை ஓடுகிற படம் மாட்டினால் வீட்டுக்கு விருத்தி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை அன்பழகன் தம்பியிடமே கேள் என்றாள். அவர் மனது ஆறும் என்று நினைத்தாள் போல. நானும் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுப் பீரோவுக்குப் பின்னால் கிடந்த அந்த முகத்துவாரத்தையே அவர் கணினியில் திறந்தார். சாம்பலை எடுத்துவிட்டு வானத்துக்கு ஆரஞ்சு கொடுத்தார். இணையத்திலிருந்து ஏழு வெள்ளைக் குதிரைகளைக் கொண்டுவந்து, விட்டிருந்த இடத்தில் வைத்தார். குளம்படியில் நுரை சரியாகப் பொருந்தியது. வேலை முடிய ஒரு டீ நேரம்கூட ஆகவில்லை.

படம் எங்கள் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். லோகாம்பாள் அத்தை தனக்கும் ஒன்று வாங்கிப் போனது.

அன்பழகன் இப்போதும் இஃபாத் பாய் கடையில்தான் இருக்கிறார். அஞ்சலி பேனரும் குதிரைப் படமும் போடுகிறார். இரண்டுக்கும் பழைய கடல்களே போதுமாக இருக்கின்றன. கேமரா லென்சில் பூஞ்சை பிடித்துவிட்டது, பாஸ்போர்ட் படத்தைப் போனில் எடுக்கிறார். வெல்டிங் கண்ணாடியைப் பட்டறையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கரைக்குப் போவதில்லை.