ஐடி டீமிலிருந்து ஒரு போன்

சிங்கப்பூர்ல, காலையில பூன் லேயிலிருந்து துவாஸ் போற எங்க கம்பெனி பஸ். முன் சீட்ல அக்கவுண்ட்ஸ் வசந்தி அக்கா போன்ல பேசிட்டு இருந்தாங்க.

"ஆமா சார், வீட்டுல இருந்து வேலை பார்க்கத்தான். கோட் நம்பர் வந்துருச்சு லா. நாலு, ஒன்னு, ஏழு..."

என் தூக்கம் போயிடுச்சு. வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள நுழையற விபிஎன்னை எல்லாருக்கும் போன வாரம் போட்டுக் கொடுத்ததே நான்தான். போன்ல வர்ற அந்த ஆறு இலக்கக் கோட் நம்பர்தான் அதுக்குக் கடைசிப் பூட்டு.

"அக்கா, யாரு லைன்ல?"

"உங்க ஐடி டீம்தான்பா."

போனைப் பிடுங்கினேன். "யார் பேசுறது?"

ரொம்ப அமைதியா ஒரு குரல். "குமார்தானே?"

வச்சுட்டான்.

பஸ்லயே லேப்டாப்பைத் திறந்து அக்காவோட அக்கவுண்டை மூடினேன். அக்கா மூணு நம்பரோட நின்னுட்டாங்க. அவங்களுக்கு முன்னாடி வேற யாராவது ஆறையும் சொல்லியிருந்தா?

அக்காவுக்குக் கோபம் வேற. "ஐடி டீம் கூப்பிடும், சொல்றபடி செய்யுங்கன்னு நீதானேப்பா மெயில் போட்ட?"

போட்டேன். ஒத்த ஆளுன்னு தெரிய வேண்டாமேன்னு, கொஞ்சம் கெத்தா இருக்கட்டும்னு, "ஐடி டீம்"னு கையெழுத்தும் போட்டேன்.

உங்க ஆபீஸ் ஐடி டீம்ல எத்தனை பேர்? நேர்ல போய் எண்ணிட்டு வந்து சொல்லுங்க.

எங்க டீம்ல நேத்து வரைக்கும் நான் மட்டும்தான். இன்னைக்கு போன்லயே ரெண்டாவது ஆள் சேர்ந்திருக்கான். அவனுக்கு என் பேர் தெரியும்.