சலவைக்கூட மேஸ்திரி வாசித்த கடிதம்

முகத்துக்கு நேரே அவர் மேஸ்திரி. முதுகுக்குப் பின்னால் தீர்க்கதரிசி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துப் பெண்கள் வைத்த பெயர் அது. முப்பது வருடமாக ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர் அவர். அதிலும் தீர்க்கதரிசிகளின் பகுதி வந்துவிட்டால் மனிதருக்குக் குஷி பிறந்துவிடும். ‘ஐயோ’ என்று கடவுள் சபிக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவார். பின்வரிசையில் கண்ணயர்ந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த ஐயோ தமக்கும்தான் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஈரத்துணி சுமக்கும் வேலையில் தொடங்கி மேஸ்திரி ஆனவர். படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் இஸ்திரி உருளைகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். உருளைக்கு முன்னால் விரல் தடுப்பு என்று ஒரு பட்டை இருக்கும். கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். மடிப்பு விழுந்த விரிப்பு பட்டாலும் நின்றுவிடும் என்பதுதான் தொல்லை. வேலை ஓடவேண்டுமே என்று அதைக் கம்பியால் தூக்கிக் கட்டச் சொன்னார். கட்டிய கம்பியோடு இரண்டு வருடம் ஓடியது. போன மாதம் விரிப்பு தள்ளும் பெண்ணின் வலது கை உள்ளே போனது. மூன்று விரல்கள் போயின.

விபத்து அறிக்கையை அவர்தான் எழுதினார். அதற்கு முன்னால் கம்பியை அவிழ்த்துவிட்டார். ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கும்போது வேறு எதை எழுதுவது என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இந்த ஞாயிறு வந்த பாடம், அரண்மனை கட்டிக்கொண்ட ஒரு ராஜாவைத் தீர்க்கதரிசி கண்டிக்கும் இடம். உன் தகப்பன் ஏழைக்கு நியாயம் செய்தானே, என்னை அறிவது என்றால் அதுதானே என்று கடவுள் கேட்கிறார். மேஸ்திரி வழக்கம்போல் வெளுத்து வாங்கினார். மூன்றாம் வரிசையில் கட்டுப்போட்ட கை ஒன்று கண்ணில் பட்டது. பார்வையை மேலே தூக்கிக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் விரல் இழந்த அந்தப் பெண் வாசலில் காத்திருந்தாள்.

“நல்லா வாசிச்சீங்கண்ணே. ஆபீஸ்லேருந்து ஒரு கடுதாசி வந்திருக்கு. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன்.”

மறுக்க வழியில்லை. பிரித்தார். அவர் எழுதிய வரிகளே அதில் இருந்தன. “ஊழியரின் கவனக்குறைவால்...” என்று தொடங்கியபோது தம் குரலே தமக்குக் கேட்டது, சற்றுமுன் பீடத்தில் நின்று வாசித்த அதே குரல். வேலையிலிருந்து நீக்கம், நஷ்டஈடு இல்லை என்பதுவரை வாசித்துத் தீர்த்தார். இத்தனை வருடம் கடவுளுக்காகப் பேசினோமே, ஒருநாளாவது அவரைத் தெரிந்திருந்தோமா என்று நினைத்தார்.

“நான் கவனமாத்தாண்ணே இருந்தேன்” என்றாள் அவள். “இத யாரு எழுதிக் குடுத்தாங்க?”

“நான்தாம்மா.”

கடிதத்தை மடித்தபடி அவரே தொடர்ந்தார்.

“கம்பி கட்டச் சொன்னதும் நான்தான். அன்னிக்கு அவுத்ததும் நான்தான்.”

“அப்ப அதையும் எழுதுங்க” என்றாள்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினார். கம்பி, தேதி, தம் உத்தரவு, பொய் அறிக்கை, எல்லாம். கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“வாசிச்சுக் காட்டுங்க.”

கூட்டம் இன்னும் வாசலில் நின்றிருந்தது. அவர் எழுந்து நின்று வாசித்தார். அவருடைய பேர்பெற்ற குரல் எழும்பவே இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் ஒரு சொல்லையும் அவர் விழுங்கவில்லை.